மணிமங்கலத்துல அடிபட்டது யாரு?

"உனக்குக் கதை புடிக்குமா, கட்டுரை புடிக்குமா?"ன்னு ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது கேட்டிருந்தா, யோசிக்காம கதைன்னு சொல்லியிருப்பேன். ஆறாம் வகுப்பு லீவுல பெரியம்மா வீட்டுப் பரண்ல கிடைச்ச 'சிவகாமியின் சபதம்' பண்ணின வேலை அது. வாராவாரம் பத்திரிகையில வந்ததைக் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. பொறியியல் படிச்ச நாலு வருஷமும் பாடப்புத்தகத்தைத் தவிர கட்டுரைன்னு எதையும் தொட்டதில்ல.

நான் கட்சி மாறினதுக்குக் காரணம் மணிமங்கலம்.

தாம்பரத்துல ஏறினா எங்க கம்பெனி பஸ் முடிச்சூர், மணிமங்கலம் வழியா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும். காலையில பஸ்ஸுல முக்கால்வாசிப் பேர் தூக்கம். மணிமங்கலம்னு போர்டைப் பார்த்தா எனக்கு மட்டும் சிலிர்க்கும். கல்கி கதையில காஞ்சி முற்றுகை முடிஞ்சு திரும்புற புலிகேசியோட மகேந்திர பல்லவர் மோதிப் படுகாயம் அடையற இடம் இதுதான். (புலிகேசின்னதும் உங்களுக்கு வடிவேலு ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல :-) இவர் நிஜ ஆளு, சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி.)

ஒரு நாள் புதுசா சேர்ந்த பையன்கிட்ட பெருமையா சொன்னேன். "தம்பி, இந்த ஊர்லதான் மகேந்திர பல்லவர் அடிபட்டு விழுந்தார்." முன் சீட்டுல இருந்த மெயின்டனன்ஸ் செக்‌ஷன் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"அது எந்தச் செப்பேட்டுல இருக்கு தம்பி?"

கிண்டல் இல்ல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டார்.

"கல்கியில இருக்கு சார்..."ன்னு இழுத்தேன்.

"அது கதை. நடந்தது என்னன்னு கேட்டேன்."

அந்தப் பையன் முன்னாடி என் மானம் போச்சு. அன்னிக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன். மா. இராசமாணிக்கனாரோட 'பல்லவர் வரலாறு', மயிலை சீனி. வேங்கடசாமியோட 'மகேந்திரவர்மன்', 'வாதாபி கொண்ட நரசிம்மவர்மன்'. எல்லாம் நாட்டுடைமை ஆன புத்தகங்கள், இணையத்துல இலவசமாவே கிடைக்குது. அதுக்கப்புறம் ஹுல்ஷ் பதிப்பிச்ச தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள்.

படிச்சதோட சுருக்கம் இதுதாங்க.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல கூரம்னு ஒரு ஊர். அங்க கிடைச்சது முதலாம் பரமேசுவரவர்மனோட செப்பேடு, 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. பரியளம், மணிமங்கலம், சூரமாரம்னு மூணு இடத்துல புலிகேசியைத் தோற்கடிச்சதா அதுல இருக்கு. தோற்கடிச்சது மகேந்திரன் இல்ல, அவன் மகன் நரசிம்மவர்மன், அதாவது நம்ம மாமல்லன்.

மகேந்திரன் ஜெயிச்ச இடம் எதுன்னா, புள்ளலூர். அதுவும் காஞ்சிக்குப் பக்கத்துலதான். காரைக்கால் பக்கம் காசாக்குடியில கிடைச்ச செப்பேடு அதைச் சொல்லுது. தன் முக்கியமான எதிரிகளை அங்க அழிச்சான்னு இருக்கு, எதிரி பேரு மட்டும் இல்ல. அது புலிகேசிதான்னு ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்காங்க.

கல்கி என்ன பண்ணியிருக்கார் பாருங்க. புள்ளலூர்ச் சண்டையை மகன்கிட்ட குடுத்து, எதிரியா கங்க மன்னன் துர்விநீதனை நிறுத்திட்டார். மணிமங்கலத்தை அப்பாகிட்ட குடுத்துட்டார். செப்பேட்டுல இருக்குறதுக்கு நேர் தலைகீழ்! புலிகேசி ரெண்டு தடவை படையெடுத்து வந்தான், மகேந்திரன் காலத்துல ஒண்ணு, அவன் மகன் காலத்துல ஒண்ணுன்னுதான் பெரும்பாலான வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லுது. நரசிம்மன் பட்டத்துக்கு வந்தது ஏறத்தாழ 630-ல. மணிமங்கலச் சண்டை அதுக்கு அப்புறம்தான். கல்கி ரெண்டு படையெடுப்பையும் ஒரே படையெடுப்பா மடிச்சுட்டார். அப்பத்தானே சாகக் கிடக்குற அப்பாவும், பழி வாங்கப் போற மகனும் ஒரே காட்சியில வர முடியும்?

எனக்குச் செம கடுப்பு. இத்தனை வருஷமா தப்பான ராஜாவுக்காகக் கண் கலங்கியிருக்கேன்! அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நாவலே தொடல. யாராவது நாவலைப் பத்திப் பேசினா "ஆதாரம் எங்க?"ன்னு கேட்டு எரிச்சலூட்டிட்டு இருந்தேன். நண்பர்கள் என்னைச் சகிச்சுக்கிட்டதுக்கு இங்கயே ஒரு நன்றி.

ஆனா ஆதாரம், ஆதாரம்னு போனா அங்கயும் ஒரு சிக்கல். கர்நாடகத்துல ஐஹொளெ மேகுடி கோயில்ல 634-35-ல வெட்டின கல்வெட்டு ஒண்ணு இருக்கு. எழுதினது புலிகேசியோட சபைக் கவிஞர் ரவிகீர்த்தி. பல்லவ ராஜா காஞ்சி மதிலுக்குப் பின்னால பதுங்கினான்னு அதுல இருக்கு. பல்லவங்க செப்பேடு புள்ளலூர்ல ஜெயிச்சோம்னுது. அதுவும் சண்டை நடந்து நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, இரண்டாம் நந்திவர்மன் காலத்துல எழுதினது. கூரம் செப்பேடு இன்னும் ஒரு படி மேல. புறமுதுகு காட்டி ஓடின புலிகேசியோட முதுகையே ஏடா வெச்சு நரசிம்மன் அதுல வெற்றின்னு எழுதினான்ங்குற மாதிரி ஒரு கற்பனை. இதை எழுதினவரும் ஒரு கவிஞர்தானே? சம்பளம் குடுத்தது ராஜா, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ எதை நம்புறது? ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தரை வெச்சுத்தான் சரிபார்க்கணும். ரவிகீர்த்தி பல்லவனை மட்டம் தட்டுறார், ஆனா காஞ்சியைப் பிடிச்சோம்னு எங்கயும் சொல்லல. புகழ்றதுக்கே எழுதினவர் சொல்லாம விட்டா, புலிகேசி காஞ்சி வரைக்கும் வந்தான், ஊரை எடுக்க முடியலன்னு ஊகிக்கலாம். அதே மாதிரி, வாதாபியைப் பிடிச்சதுக்குப் பல்லவங்க பேச்சு மட்டும் ஆதாரம் இல்ல. அந்த வாதாபியிலேயே, இப்போதைய பாதாமியில, பாறையில நரசிம்மவர்மனோட 13-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு. எதிராளி தலைநகர்லயே உக்காந்து எழுதியிருக்கான். அதை வெச்சுத்தான் வாதாபி விழுந்தது 642-னு கணக்கு. அதனால மணிமங்கலத்துல புலிகேசி தோத்ததையும் வெறும் ஜம்பம்னு தள்ள முடியல. நாங்க சாஃப்ட்வேர்ல பக் தேடுறதும் இப்படித்தான். ஒரே லாகை நம்பினா அவ்வளவுதான் :-)

இதையெல்லாம் பெரியவர்கிட்ட சொன்னேன். "சரி, ஒரு நாள் இறங்கிப் பார்த்துடுவோம்"னார். ஒரு சனிக்கிழமை மணிமங்கலத்துல இறங்கினோம். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர் பூரா எழுத்து. எல்லாம் சோழர் காலம், பல்லவருக்கு நானூறு வருஷம் பிந்தினது. ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் மூணு பேரோட மெய்க்கீர்த்தியும் இருக்கு. ராஜாதிராஜன் யானை மேலயே உயிரை விட்ட கொப்பம் போருக்கு இந்த ஊர்க் கல்வெட்டு முக்கியமான சான்று. அந்தப் போரும் சாளுக்கியரோடதான்! பல்லவர் சண்டை நடந்ததுக்கு அடையாளமா ஒரு கல்லாவது இருக்கான்னு தேடினோம், எங்க கண்ணுல படல. பெரியவர் குளத்தங்கரையில உக்காந்து, "கல்கி படிக்கலன்னா நீ இங்க இறங்கியிருப்பியா?"ன்னார். மாட்டேன். அதை ஒத்துக்கத்தான் வேணும். அந்த வாரமே பரண்ல இருந்த பைண்டை வாங்கிட்டு வந்து மறுபடி படிச்சேன். மகேந்திரர் அடிபடுற இடத்துல மறுபடியும் கண் கலங்குச்சு, தப்பான ராஜான்னு தெரிஞ்சே.

ஒரே ஒரு கவலை. எங்க ஏரியாவுல 2006-ல நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சுது, 2014-ல மூடினாங்க. கிராமத்துல இருந்து வந்த ஆயிரக்கணக்கான பொண்ணுங்க அங்க ஷிப்ட் பார்த்தாங்க. அதைப் பத்தித் தேடினா எனக்குக் கிடைக்கிறது முதலீடு எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு, வரி வழக்கு என்ன ஆச்சு, இதுதான். காசு குடுத்தவங்க எழுத வெச்ச மெய்க்கீர்த்தி மாதிரியே இருக்கு. முதல் சம்பளத்துல அந்தப் பொண்ணுங்க என்ன வாங்கினாங்க, கதவு மூடின அன்னிக்கு எந்த பஸ்ஸுல ஊருக்குத் திரும்பினாங்கன்னு அதுல இல்ல. நாளைக்கு இன்னொரு கல்கி வந்து இதைக் கதையா எழுதினா, அவர் எந்தச் சண்டையை யாருக்கு மாத்திக் குடுத்தார்னு சரிபார்க்க நம்மகிட்ட என்ன இருக்கும்?

பெரியவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகுறார். இந்தப் பக்கம் வயலா இருந்ததுல இருந்து பார்த்தவர். நாவல் எழுதுற திறமை எனக்கு இல்ல. அதனால பஸ்ஸுல அவர் பக்கத்து சீட்டுல உக்காந்து, அவர் சொல்றதைத் தேதி போட்டு எழுதிட்டு வர்றேன். நோட்டுல இதுவரைக்கும் நாப்பது பக்கம் ஆச்சு.