தமிழ்நாடு அரசே துப்பாக்கிச் சட்டம் போட முடியுமா? வேலூர், ஆம்பூர் விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கி, எவ்வளவு பெரிய மேகசின் என்பதைச் சில மாநிலங்களே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துகின்றன. நம்ம ஊர்ல அப்படி இல்லை. ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் வருவதால், நாடாளுமன்றம்தான் சட்டம் போடணும். நடைமுறையில் இருப்பது 1959 ஆயுதச் சட்டம்.

எதுக்குத் தடை?

ட்ரிகரை அழுத்திப் பிடித்தால் மேகசின் காலியாகும் வரை சுடும் ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்கு. மத்திய அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு சிறை.

எத்தனை வெச்சுக்கலாம்?

முன்பு 3. அதை 1 ஆகக் குறைக்க 2019 மசோதா முன்மொழிந்தது. எதிர்ப்பு வந்ததால் 2 என்று நிறைவேறியது.

நாட்டுத் துப்பாக்கி இருந்தா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். சுடும் நிலையில் உள்ள துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். 2019-க்கு முன் இது 1 முதல் 3 ஆண்டு. ‘தாத்தா காலத்துத் துப்பாக்கி’ என்றாலும் லைசென்ஸ் வேணும்.

பயிரைக் காப்பாத்த என்ன வழி?

மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு, பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் கேட்டு கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். போலீஸ் அறிக்கைக்குப் பிறகே முடிவு. லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். ஆனால், அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது தனி வழக்கு.