கித்தான் கனூ புதுப்பித்தல்

மெல்லிய மரப்பலகைகளால் செய்த உடலின்மீது கித்தானை இழுத்துப் போர்த்தி, பட்டி பார்த்து, வண்ணம் பூசிய இலேசான துடுப்புப் படகு கித்தான் கனூ. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உருவானது. பழைய கனூக்களைப் பழுதுநீக்கி மீண்டும் நீரில் இறக்குவது இன்று அங்கும் கனடாவிலும் தனித் தொழிலாகவே நடக்கிறது. இந்தப் படகில் ஏறக்குறைய எந்த உறுப்பையும் கழற்றி மாற்றலாம் என்பதே அதற்கு முதற்காரணம்.

இதன் மூதாதை பிர்ச் மரப்பட்டைப் படகு. மெய்ன் பகுதியின் பூர்வகுடிகளான பெனோப்ஸ்காட் மக்கள் அதைக் கட்டுவதில் தேர்ந்தவர்கள். பட்டையை முதலில் விரித்து, உள்ளே பலகைகளைப் பரப்பி, வளைத்த விலாச் சட்டங்களால் இறுக்குவது அவர்கள் முறை. பெரிய பட்டை தரும் முதிய மரங்கள் அருகியபோது கித்தான் அதன் இடத்தைப் பிடித்தது. 1870களில் பாங்கர் நகரில் எவன் கெரிஷ் இவ்வகைக் கனூக்களைக் கட்டி விற்றார். 1898-இல் ஓல்ட் டவுன் ஊரில் ஒரு வன்பொருள் கடையை ஒட்டித் தொடங்கிய தொழில், பின்னர் ஓல்ட் டவுன் கனூ கம்பெனியாக வளர்ந்தது. அவ்வூருக்கு நேரெதிரே, ஆற்று நடுவிலுள்ள தீவில்தான் பெனோப்ஸ்காட் மக்கள் வாழ்கின்றனர். வடிவம் அவர்களுடையது, தொழிற்சாலையிலும் அவர்கள் உழைத்தார்கள். எனவே இந்தப் படகின் வரலாற்றைக் கம்பெனிப் பெயர்களிலிருந்து தொடங்குவது நியாயமாகாது.

தொழிற்சாலையில் கட்டும் வரிசை தலைகீழானது. கவிழ்த்து வைத்த மர அச்சின்மேல், நீராவியில் பதப்படுத்திய செடார் விலாக்களை முதலில் வளைப்பார்கள். ஏறக்குறைய 8 மி.மீ. தடிமனுள்ள அவற்றின்மேல் 4 மி.மீ. பலகைகளை வைத்துச் சிறு ஆணிகளை அடிப்பார்கள். விலாவுக்கு அடியில், அச்சில் பதித்த இரும்புப் பட்டையில் மோதி ஆணியின் நுனி தானே மடங்கிக்கொள்ளும். கித்தான் கடைசியில்தான் வரும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர் விமானங்கள் கட்டிய கிரம்மன் நிறுவனம் அலுமினியக் கனூக்களை விற்கத் தொடங்கியது. அடுத்துக் கண்ணாடியிழை வந்தது. கனடாவில் பீட்டர்பரோ கம்பெனி 1960களின் தொடக்கத்திலும், ஃபிரெடரிக்டன் நகரின் செஸ்ட்நட் கம்பெனி 1970களின் இறுதியிலும் மூடப்பட்டன. அந்தக் காலத்தில் பலர் பழைய கித்தானை உரித்துவிட்டு, மரத்தின்மேலேயே கண்ணாடியிழையை ஒட்டினார்கள். மரக் கனூக்களுக்கு நேர்ந்த பெருந்தீங்கு இது. ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் செடாரோடு அந்த உறை இசைந்து அசையாது. ஈரம் உள்ளே தங்கி மரம் உளுத்துவிடும். இன்று அதை வெப்பக் காற்றால் இளக்கி, அங்குலம் அங்குலமாக உரிக்க வேண்டியிருக்கிறது.

1979-இல் அமெரிக்காவில் மரக் கனூ பாரம்பரியச் சங்கம் தோன்றியது. தொழிற்சாலைகள் ஓய்ந்தபின் சிதறிக் கிடந்த கைத்திறன் அதன் வழியாக மீண்டும் கைமாறியது. ரோலின் தர்லோவும் ஜெரி ஸ்டெல்மோக்கும் எழுதி 1987-இல் வெளியான நூல், கட்டுவதையும் பழுதுபார்ப்பதையும் படிப்படியாகச் சொல்லித் தந்தது.

வேலை பழைய கித்தானை அகற்றுவதில் தொடங்குகிறது. உளுத்த இடங்கள் பெரும்பாலும் இரு முனைகளிலும் மேல்விளிம்பின் ஓரத்திலும் இருக்கும். கவிழ்த்து வைத்த படகு மண்ணைத் தொடுவது அங்கேதான். முறிந்த விலாவுக்கு ஈடாகப் புதிய சட்டத்தை ஊறவைத்து, நீராவியில் இளக்கி, படகின் புறத்திலேயே வளைத்து வடிவம் பிடிப்பார்கள். உலர்ந்தபின் உள்ளே பொருத்துவார்கள். இங்கே ஆணியை மடக்க இரும்புப் பட்டை இல்லை. ஒரு கை சுத்தியலால் அடிக்க, மறு கை உட்புறத்தில் கனத்த இரும்பைப் பிடித்திருக்க வேண்டும்.

பிறகு கித்தானைத் தொட்டில்போல் கட்டி, இரு முனைகளிலும் இறுக இழுத்து, உள்ளே படகை அமர்த்தி, விளிம்பில் ஆணியடிப்பார்கள். இழைகளின் இடைவெளியை அடைக்கும் பட்டியில் அக்காலத்தில் ஈய வெள்ளையும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்திருந்தன. ஈயம் நஞ்சு என்பதால் இன்று அதைத் தவிர்க்கிறார்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டும்போதும் முகமூடி கட்டாயம். எண்ணெய்ப் பட்டி இறுகச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு மேலே வண்ணம் பூசினால் அது சுருங்கிப் போகும்.

எவ்வளவு மரத்தை மாற்றலாம் என்பதில் புதுப்பிப்பவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. அருங்காட்சியகத்துக்குப் போகும் படகில் பழைய கித்தானும் தேய்ந்த வண்ணமும்கூடச் சான்றுகள். அவற்றைத் தொடாமல் விடுவதே முறை. ஆற்றில் ஓடப்போகும் படகுக்கு அந்த விதி பொருந்தாது. உறுதியான பழைய விலாவைப் பளபளப்புக்காக மட்டும் மாற்றுவதோ, எவ்வகையிலும் வீண். ஓல்ட் டவுன் படகுகளில் முனைக்கட்டையில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பெனியின் பழைய அட்டைகளில் அந்த எண்ணைத் தேடினால் கட்டிய நாள், நீளம், மரவகை, முதலில் பூசிய வண்ணம், அனுப்பிய ஊர் ஆகியவை கிடைக்கும். அதனால் முனைக்கட்டை உளுத்திருந்தாலும், எண் உள்ள பகுதியை விட்டுவைத்து முனையில் மட்டும் புதுமரம் ஒட்டுவார்கள்.