தேதியால் திரும்பிய செக்

2005 ஏப்ரல். புனேயில் நான் வங்கி வேலைக்குச் சேர்ந்த புதிது. நம்மூர்ப் பெரியவர் ஒருவர் கவுண்டரில் ஒரு செக்கை நீட்டினார். மனைவியின் ஆபரேஷனுக்காக அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பியது. தேதி 04/06/2005. "ஐயா, இது ஜூன் மாசத்துச் செக், இப்போ பாஸாகாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மகன் எழுதியது ஏப்ரல் 6 என்பது அவரிடமிருந்து ஃபாக்ஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் வீண். இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்த வம்பு எங்கே ஆரம்பித்தது?

தேதிக் குழப்பம் புதிதல்ல. 1752க்கு முன் இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25 அன்று பிறந்தது. மற்ற பல நாடுகளிலோ ஜனவரி 1. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை எது எந்த வருடம் என்று தகராறு. அந்தக் காலத்து ஆட்கள் விவரமானவர்கள். 1731/32 என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த வருடம் அப்படித்தான் எழுதப்பட்டது.

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் தலைப்பில் "ஜூலை 4, 1776" என்று மாதம் முதலில் நிற்கிறது. பிரிட்டனிலும் அப்போது அந்த வழக்கம் இருந்தது. பிற்பாடு அவர்கள் நாளை முன்னால் கொண்டுவந்தார்கள். நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அமெரிக்கா மாறவில்லை.

மாதத்தைப் பெயராக எழுதியவரை யாருக்கும் நஷ்டமில்லை. எண்ணும் சாய்கோடும் வந்தபோதுதான் வினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் 12 தேதிகள், 12 மாதம், ஆக 144. இரண்டும் ஒரே எண்ணாக வரும் 12 நாளைக் கழித்தால், வருடத்தில் 132 நாட்களை இரண்டு விதமாகப் படிக்கலாம்!

இதற்காகத்தான் 1988இல் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் வந்தது. வருடம், மாதம், நாள்: 2005-04-06. கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தவும் இதுவே வசதி.

செக்கில் இப்போது நாள், மாதம், வருடம் என்று கட்டம் போட்டே அச்சடிக்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள் பார்க்கும் இணையதளங்களில்தான் இன்னும் 04/06 என்று மொட்டையாக நிற்பதைப் பார்க்கிறேன். அதை நடத்துகிறவர்கள் "6 ஏப்ரல் 2005" என்று போட்டால் போதும். நான்கு எழுத்து கூடுதல், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். டிக்கெட்டோ, மருந்துச் சீட்டோ, பணமோ, மாதத்தைப் பெயராகவே எழுதச் சொல்லுங்கள். ஊரில் அதை வாங்கிப் படிக்கப் போவது அப்பா அம்மாதானே?