ஆட்டு ரோமத்தில் கிடைத்த க்ளூ: செம்பும் சர்க்கரைப் புண்ணும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ பெரியப்பா கால்ல ஒரு கட்டு. சர்க்கரைப் புண், மூணு வாரமா ஆறல. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"ன்னு கேட்டேன். "செம்புத் தண்ணி குடிக்கிறேன்டா, ஆறிடும்"னு சொன்னார். பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியம். இதுல உண்மை எவ்வளவுன்னு தேடிப் போனா, கதை ஆஸ்திரேலியாவின் ஒரு ஆட்டு மந்தையில போய் நின்னுச்சு.

1930கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்குட்டிகள் கால் தள்ளாடி விழுந்து செத்துக்கொண்டிருந்தன. 1937இல் பென்னட்ஸ் என்ற கால்நடை ஆய்வாளர் காரணத்தைச் சொன்னார்: செம்புச் சத்துக் குறைவு. இந்தக் குறைபாடு வந்த ஆடுகளுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ரோமம் சுருள் இழந்து கம்பி மாதிரி ஆகிவிடும்.

அடுத்த சீன் நியூயார்க். 1962இல் ஜான் மென்கெஸ் என்ற டாக்டர், விசித்திரமா முறுக்கிய முடியோட, சில வருஷத்துக்குள்ளேயே இறந்துபோகும் ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதினார். காரணம் தெரியல. பத்து வருஷம் கழிச்சு, மெல்போர்னில் டேவிட் டேங்க்ஸ் அந்த முடியைப் பார்க்கிறார். ஆஸ்திரேலியாக்காரர் இல்லையா, உடனே ஆட்டு ரோமம் ஞாபகம் வருது. ரத்தத்தைச் சோதிச்சா, செம்பு ரொம்பக் குறைவு. ஆனா குடல் செல்லுக்குள்ள செம்பு நிறைய! உள்ளே வந்தது, வெளியே போக வழியில்லாம மாட்டிக்கிட்டு இருக்கு. 1993இல் அதுக்கான ஜீன் கிடைச்சது: ஏடிபி7ஏ. செம்பைச் செல்லுக்குள்ளிருந்து வெளியே ஏற்றி அனுப்பும் பம்ப்.

சரி, புண்ணுக்கும் செம்புக்கும் என்ன சம்பந்தம்? 1968இல் பின்னெல், மார்ட்டின் இருவரும் லைசில் ஆக்சிடேஸ் என்ற என்சைமைக் கண்டுபிடித்தார்கள். கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது அதுதான். செம்பு இல்லாம அது வேலை செய்யாது. புதுத் தோல் வரும், ஆனா உறுதி இருக்காது. 2002இல் சந்தன் சென் குழுவினர் சுண்டெலிகளின் காயத்தில் செம்பு சல்பேட் தடவினார்கள். காயம் சீக்கிரம் மூடியது. புது ரத்தக்குழாய் வளரச் சொல்லும் விஇஜிஎஃப் சிக்னலைச் செம்பு தூண்டுதுன்னும் காட்டினார்கள்.

அப்போ பெரியப்பா சொன்னது சரிதானா? இங்கதான் ட்விஸ்ட்.

சர்க்கரை நோயாளிகள் பலரின் ரத்தத்தில் செம்பு குறைவா இல்லை, அதிகமாவே இருக்கு. 2004இல் நியூசிலாந்தின் கார்த் கூப்பர் குழு, செம்பை உடம்பிலிருந்து வெளியேற்றும் டிரையென்டீன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. சர்க்கரை நோயால் தடித்த இதயத் தசை குறைந்தது. 2013இல் இன்னொரு ஆய்வு: சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளின் ரத்தக்குழாயில் அதே ஏடிபி7ஏ பம்ப் குறைந்திருந்தது. இன்சுலின் கொடுத்ததும் மீண்டது.

எங்க ஃபீல்டு பாஷையில சொன்னா, இது ஸ்டாக் பிரச்சினை இல்ல, டெலிவரி பிரச்சினை. குடோன்ல சரக்கு நிறைய, வீட்டுக்குத்தான் வந்து சேரல. அங்க இன்னும் சரக்கு இறக்கினா என்ன ஆகும்? குடோன்தான் நிரம்பும். செம்புத் தண்ணி செய்யறது அதைத்தான்.

புண் மேலேயே செம்பு வைக்கிற முயற்சி வேற கதை. செம்பு பெப்டைடு ஜெல் தடவிய நோயாளிகளுக்குப் புண் வேகமா ஆறியதா 1994இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனா அது வழக்கமான சிகிச்சையா மாறல. இன்னிக்கும் முதல் வேலை பழசுதான்: சர்க்கரையைக் கட்டுப்படுத்தறது, செத்த சதையை நீக்கறது, தொற்றைப் பார்க்கறது, அந்தக் கால்ல பாரம் விழாமப் பார்த்துக்கறது. இதைத் தள்ளிப்போட்டா விரல் போகலாம், காலே போகலாம்.

இதையெல்லாம் சொன்னேன். பெரியப்பா பாதி கேட்டார். ஆட்டுக்குட்டி கதைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்கும்"னார் டாக்டர். இப்போ புண் சுருங்கிட்டு வருது. செம்பு இன்னும் மேஜை மேலதான் இருக்கு. தண்ணி குடிக்கிறார், மருந்துன்னு சொல்றதில்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.