யேல் துரை வாங்கின கோட்டையும் மஞ்சக்குப்பத்து அருட்பா வழக்கும்

கடலூர் தேவனாம்பட்டினத்துப் பக்கம் போனவர்கள் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருக்கலாம். 1690-ல் செஞ்சி மராட்டியரிடமிருந்து அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது சென்னை கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதில் வந்ததுதான் என்பார்கள்.

இந்த யேல் பிறந்தது பாஸ்டனில். கப்பல் வியாபாரத்தில் பணம் சேர்த்து லண்டனில் குடியேறிய பிறகு, 1718-ல் கனெக்டிகட்டில் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்கள், ஒன்பது மூட்டைச் சரக்கு, முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஆகியவற்றை அனுப்பிவைத்தார். சரக்கு விற்று 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்த யேல் நூலகத்தில்தான் எட்வர்ட் டெய்லர் என்ற பாதிரியாரின் கவிதைக் கையெழுத்துப் பிரதி கிடந்தது. அவர் இறந்தது 1729-ல். அவர் கவிஞர் என்பது வெளியே தெரிந்தது 1937-ல். படித்தவர்கள் முதலில் சொன்னது, "இது ஜார்ஜ் ஹெர்பர்ட் சாயல்" என்று. அவருக்கு முன்னால் எழுதிய ஆன் பிராட்ஸ்ட்ரீட்டுக்கும் இதே கதி. 1650-ல் லண்டனில் வந்த அவருடைய புத்தகத்தைப் பிரெஞ்சுக் கவிஞர் து பார்த்தாஸின் நிழல் என்று இன்றுவரை சொல்கிறார்கள். கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் அச்சுக்குக் கொடுத்தவர் அவருடைய சகோதரியின் கணவர். அந்த அம்மாவுக்கு விஷயமே தெரியாது!

காலனி அமெரிக்காவின் கவிதையைப் பற்றிப் பேசினால் கேள்வி எப்போதும் இதில்தான் வந்து நிற்கிறது: இதில் பழசு எவ்வளவு, சொந்தம் எவ்வளவு? நம்ம தென்னார்க்காட்டில் இதே கேள்வி இன்னும் சூடாக எழுந்தது. அங்கே விமர்சகர்கள் பேசிவிட்டுப் போனார்கள். இங்கே அது கோர்ட்டு வரைக்கும் போனது.

சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்த இராமலிங்க அடிகள் சென்னையில் வளர்ந்து, 1850களின் கடைசியில் இந்தப் பக்கம் திரும்பி, கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய பாடல்களை அச்சிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் இறுக்கம் இரத்தின முதலியார். பாடல்களை அனுப்பும்வரை ஒருவேளைச் சாப்பாடுதான் என்று அவர் உறுதி எடுத்துக்கொண்ட பிறகே அடிகள் இறங்கிவந்தார். அப்போதும் தன் பெயரை "இராமலிங்கசாமி" என்று போடுவதில் தனக்குச் சம்மதமில்லை என்று கடிதம் எழுதினார். 1867-ல் முதல் நான்கு பகுதிகள் வெளிவந்தன. பதிப்பித்தவர் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார்.

வம்பு தொடங்கியது பாட்டிலிருந்து இல்லை, தலைப்பிலிருந்து. புத்தகத்துக்குப் பெயர் "திருவருட்பா". உள்ளே இருந்த பிரிவுகளுக்குப் பெயர் "திருமுறை". தேவாரமும் திருவாசகமும் உட்கார்ந்திருக்கிற நாற்காலி அது. உயிரோடு இருக்கிற ஒருவர் பாட்டுக்கு அந்தப் பெயரா? சைவ நூல்களைத் திருத்தமாக அச்சிடுவதற்கே வாழ்நாளைக் கொடுத்த, 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு அது பொறுக்கவில்லை. "போலியருட்பா மறுப்பு" வந்தது. நாவலர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஏட்டில் இருக்கும்வரை ஒரு மடத்துக்குள் முடிந்துபோகிற விஷயம், அச்சில் வந்தால் ஊர் முழுக்கப் போகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே அந்தக் கருவியைக் கையாண்டவர்தானே.

1869-ல் சிதம்பரம் கோயிலில் நடந்த பேச்சுகளில் தன்னை இழிவுபடுத்தினார்கள் என்று நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எதிரிகளில் அடிகளும் ஒருவர், அவர் விடுவிக்கப்பட்டார். "அருட்பாதான்னு கோர்ட்டே தீர்ப்பு சொல்லிடுச்சு" என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. அது அவதூறு வழக்கு. எது அருட்பா, எது மருட்பா என்று முடிவுசெய்வது கம்பெனி போய் ராணி வந்த பிறகும் வெள்ளைக்காரன் சட்டத்தில் கிடையாது. சண்டையும் அதோடு முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மறைமலையடிகளும் கதிரைவேற்பிள்ளையும் அதை மறுபடி எடுத்தார்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். முன்னோரின் பாதிப்பை அடிகள் மறைக்கவே இல்லை. சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் நால்வருக்கும் தனித்தனியே அருண்மாலை பாடியிருக்கிறார். தன்னைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சுகிற குரல் திருவாசகத்திலிருந்து வந்தது. கண்ணிகளும் "சமரசம்" என்ற சொல்லும் தாயுமானவரிடமிருந்து. கொம்மியும் கீர்த்தனையும் தெருவிலிருந்தும் தில்லையின் பாட்டு மரபிலிருந்தும் வந்தவை. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப்பிள்ளை பாடிய மண் இது. திருவாசகத்தில் நீளமான அகவல் போற்றித் திருவகவல், 225 அடி. 1872-ல் அடிகள் எழுதிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1,596 அடி. அதே யாப்பு, ஆனால் மூச்சு வேற.

இவர் எங்கே தனியாகப் பிரிகிறார் என்று கேட்டால், பசியில் என்பேன். இன்னொருத்தன் வயிற்றுப் பசியைப் பக்தியின் நடுவில் கொண்டுவந்து வைத்தது இவர் செய்தது. புத்தகம் வந்த அதே 1867-ல், மே 23 அன்று, வடலூரில் தருமச்சாலை அடுப்பு ஏற்றப்பட்டது. பாட்டையும் அடுப்பையும் தனித்தனியாக வைத்துப் படிக்கிறவர்களுக்கு இது பிடிபடாது என்பது என் எண்ணம்.

பிராட்ஸ்ட்ரீட்டிடமும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. 1666-ல் அவர் வீடு எரிந்துபோனது. அதைப் பற்றி அவர் எழுதியதில் து பார்த்தாஸ் இல்லை. சாம்பலைக் கடந்து போகிற ஒரு பெண் இருக்கிறாள்.

அடிகள் அதற்கும் மேலே ஒருபடி போனார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டுப் பேசும்போது, சைவ சமயத்தில் தனக்கு முன்பிருந்த பற்றைச் சொல்லி, தன் பழைய தோத்திரங்களே அதற்குச் சாட்சி, அப்போது தனக்கிருந்தது அற்ப அறிவு என்றார். நாவலரும் அடிகளின் மாணவர்களும் எந்தப் பாட்டுகளுக்காகக் கோர்ட்டு ஏறினார்களோ, அவற்றைப் பாடியவரே தாண்டிப் போய்விட்டார். அந்தக் கடைசிக் காலப் பாட்டுகள் ஆறாம் திருமுறையாக அச்சேறியது 1885-ல். அதற்குள் அடிகள் மறைந்து 11 வருஷம், நாவலர் காலமாகி 6 வருஷம் ஆகியிருந்தது.