கதைசொல்லியின் கையேடு: செரோக்கி மரபில் வாய்மொழியும் எழுத்தும்

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட செரோக்கி மக்களின் கதைகள், ஜேம்ஸ் மூனி 1900இல் வெளியிட்ட தொகுப்பின் வழியாகவே வெளியுலகிற்குப் பெரிதும் அறிமுகமாயின. அவருக்குக் கதை சொன்னவர்கள் எழுத்தறியாத வாய்மொழியாளர்கள் என்னும் எண்ணம் எளிதில் தோன்றக்கூடியது. ஆனால் அவர்களுள் முதன்மையானவர், தம் மக்களுள் ஒருவர் படைத்த எழுத்தில் தாமே எழுதிய கையேடு ஒன்றை வைத்திருந்தார். அக்கையேட்டையும் அவர் சொன்ன கதைகளையும் இக்கட்டுரை சேர்த்து நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: செரோக்கி, அசையெழுத்து, செக்வோயா, ஜேம்ஸ் மூனி, ஸ்விம்மர், வாய்மொழி மரபு

எழுத்தின் வரவு

செரோக்கி, இரோக்குவாய மொழிக்குடும்பத்தைச் சார்ந்த மொழி. அதைப் பேசிய மக்கள் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில், ஏழு குலங்களாகப் பகுக்கப்பட்ட தாய்வழிச் சமூகமாக வாழ்ந்தனர். அம்மொழிக்கு எழுத்து வகுத்தவர் செக்வோயா. ஆங்கிலம் படிக்கத் தெரியாத வெள்ளிக்கொல்லர் அவர். வெள்ளையர் தாளில் பேச்சைப் பதித்துவைப்பதைக் கண்டு, அது தம் மொழிக்கும் இயலும் எனக் கருதிப் பல்லாண்டுகள் முயன்று, 1821ஆம் ஆண்டளவில் அசையெழுத்து முறையொன்றை நிறைவு செய்தார். ஒவ்வோர் அசைக்கும் ஒரு வடிவம். முதலில் 86 வடிவங்கள், பின்னர் 85. தமிழின் உயிர்மெய் வரிசையில் மெய்யின் வடிவம் தொடர்ந்து வருவதுபோன்ற உறவு இவ்வடிவங்களுக்கிடையே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே மனத்திலிருத்த வேண்டியது. முதலில் கற்றவர் அவர் மகள் அயோக்கா. 1825இல் செரோக்கி நாடு இதனைத் தன் எழுத்தாக ஏற்றது.

1828 பிப்ரவரி 21இல், தலைநகரான நியூ எக்கோட்டாவில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்னும் இருமொழி இதழ் தொடங்கியது. ஆசிரியர் எலியாஸ் பூடினாட். அச்செழுத்துகள் பாஸ்டன் நகரில் வார்க்கப்பட்டன. இந்த எழுத்தின் வரலாறு வழக்கமாக இதழ், அரசியலமைப்பு, விவிலிய மொழிபெயர்ப்பு என்ற வரிசையிலேயே சொல்லப்படுகிறது. 'நாகரிகமடைந்த பழங்குடி' என்ற அக்காலச் சொல்லாட்சிக்கு அந்த வரிசை மிகப் பொருத்தமானது; அதனாலேயே அது ஐயத்துக்குரியதும் ஆகிறது. ஏனெனில் அதே எழுத்தை மந்திர மருத்துவர்களும் கற்றுக்கொண்டு, கிறித்தவப் பணியாளர்கள் ஒழிக்க விரும்பிய மந்திரங்களையே அதில் எழுதிவைத்தனர். முதற்பயன்பாடு அச்சில் வெளிப்பட்டது. இரண்டாவது மறைவாகக் காக்கப்பட்டது.

எழுத்தும் இதழும் அரசியலமைப்பும் அவர்களின் நிலத்தைக் காக்கவில்லை. 1830இல் இடப்பெயர்வுச் சட்டம் வந்தது. ஜார்ஜியா மாநிலச் சட்டங்கள் செரோக்கி நிலத்தில் செல்லா என 1832இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. 1835 டிசம்பர் 29இல் சிறு குழுவொன்று செரோக்கி அரசின் ஒப்புதலின்றிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை, செனட் அவை தேவையான பெரும்பான்மைக்கு மேல் ஒரே ஒரு வாக்கில் ஏற்றது. கையொப்பமிட்டோருள் பூடினாட்டும் ஒருவர். 1839இல் அதற்காகவே தம் மக்களால் கொல்லப்பட்டார். 1838-39இல் ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டனர். 'கண்ணீர்த் தடம்' எனப்படும் அவ்வழியிலும் அதற்கு முந்தைய முகாம்களிலும் இறந்தோர் சுமார் 4,000 என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் மதிப்பீடு. வட கரோலினா மலைகளில் எஞ்சியவர்கள் பின்னாளில் கிழக்குச் செரோக்கியர் எனப்பட்டனர். மூனி சென்றடைந்தது இவர்களிடம்தான்.

ஸ்விம்மரின் கையேடு

அமெரிக்க இனவியல் பணியகத்தைச் சேர்ந்த மூனி, 1887இல் குவாலாப் பகுதிக்கு வந்தார். அங்கு அவர் சந்தித்த அயூனினி, ஆங்கிலத்தில் ஸ்விம்மர் எனப்பட்டவர், ஆங்கிலம் பேசாதவர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் பணியாற்றியவர், மந்திர மருத்துவர். மூனி வெளியிட்ட கதைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதலில் இவரிடமிருந்தே பெறப்பட்டவை.

இருவருக்குமிடையே நடந்த ஒரு நிகழ்வை மூனியே எழுதியுள்ளார். கதைகளைத் தயங்காமல் சொல்லிவந்த ஸ்விம்மர், வேட்டைப் பாடல்களைப் பற்றிக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். அவை தம் தொழில்மறை என்றும், ஒரு பாடலுக்கு வேட்டைக்காரர்கள் 5 டாலர்வரை தருவதுண்டு என்றும் கூறினார். எல்லாம் அறிந்தவர் எனக் கருதியே அவரை அமர்த்தியதாகவும், இல்லையெனில் வேறொருவரை நாடவேண்டும் எனவும் மூனி சொன்னது அவரது தொழிற்பெருமையைத் தீண்டியது. பின்னர் அவர் எடுத்துக்காட்டியது, ஏறத்தாழ 240 பக்கங்கள் கொண்ட, பாதியளவு நிரம்பிய சிறு நாட்குறிப்பேடு. நோய்க்கும் காதலுக்கும் வேட்டைக்கும் பந்தாட்டத்துக்கும் உரிய மந்திரங்கள் அதில் செரோக்கி எழுத்தில் இருந்தன. மூனி முதலில் அதைப் படியெடுக்க இசைவு பெற்றார். பின்பு மூலத்தையே விலைக்கு வாங்கினார். அதன்பின் பிற மருத்துவர்களின் ஏடுகளும், இறந்தோரின் குடும்பத்தாரிடமிருந்த ஏடுகளும் அவர் கைக்கு வந்தன. மந்திரங்கள் மொத்தம் 600 அளவில் சேர்ந்தன.

இதை 'அழிவிலிருந்து மீட்பு' என மூனியின் காலம் புரிந்துகொண்டது. அது முழுப்பொய்யன்று. ஆயினும், 5 டாலர் பெறும் பாடலைத் தொழிலாகக் காத்தவர் ஒருவரின் உடைமை, போட்டியைக் காட்டி இளக்கப்பட்டு, ஓர் அரசுப் பணியகத்தின் உடைமையாயிற்று என்பதையும் மூனியின் சொற்களிலிருந்தே அறியமுடிகிறது. நாட்டுப்புறவியல் வழக்கில் 'தகவலாளி' எனும் சொல் ஸ்விம்மருக்குச் சற்றும் பொருந்தாது. அவர் தகவல் தந்தவர் மட்டுமல்லர்; தம் மரபைத் தொகுத்து, தெரிந்தெடுத்து, எழுதிவைத்த தொகுப்பாசிரியர். மூனியின் பெருநூல் வெளிவருமுன், 1899இல் அவர் இறந்தார்.

நோயின் கதையும் மருந்தின் மந்திரமும்

ஸ்விம்மர் எதை எழுதினார், எதை எழுதாமல் சொன்னார் என்னும் வினா இங்கு முதன்மை பெறுகிறது. அவர் கையேட்டில் இருந்தவை மந்திரங்களும் மருந்துக் குறிப்புகளும். கதைகள் அவர் வாயிலிருந்து வந்தன. மந்திரத்தில் ஒரு சொல் பிறழ்ந்தாலும் பயனில்லை. ஆகவே அது எழுத்தை நாடியது. கதையோ இடத்துக்கும் கேட்போருக்கும் ஏற்ப நீளவும் சுருங்கவும் செய்வது. முதியவரான ஜான் ஆக்ஸ் மூனியிடம் விவரித்த பழைய முறைப்படி, கதைகாப்போர் 'ஆசி' எனப்படும் தாழ்ந்த உறங்குமனையில் இரவெல்லாம் நெருப்பைச் சுற்றியமர்ந்து மறைபொருளான கதைகளை ஓதுவர். கற்க வந்த இளைஞர் விடியலில் ஓடைக்குச் சென்று, எலும்புச் சீப்பால் தோல் கீறப்பெற்று, நீரில் மூழ்கி எழுவர். இதில் ஏட்டுக்கு இடமில்லை.

ஆனால் இரண்டும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. நோய் பிறந்த கதையை எடுத்துக்கொள்ளலாம். மனிதர் பெருகி விலங்குகளை வரைமுறையின்றிக் கொல்லத் தொடங்கியதும், விலங்கினங்கள் அவை கூடுகின்றன. கரடிகள் வில் செய்து பார்த்து, நாணை இழுக்கத் தம் நகங்களே தடை என அறிந்து கலைகின்றன. மான்களின் தலைவனான சின்ன மான் ஒரு விதியை வகுக்கிறது: மானைக் கொன்ற வேட்டைக்காரன் அதனிடம் பிழை பொறுக்க வேண்டவேண்டும். கொலை நிகழ்ந்த இடத்துக்குச் சின்ன மான் விரைந்து, குருதிக்கறை மீது குனிந்து, வேட்டைக்காரனின் வேண்டுதலைக் கேட்டாயா என இறந்த மானின் ஆவியை வினவும். இல்லையெனில் குருதித் தடத்தைப் பின்பற்றி அவன் வீட்டுக்கே சென்று முடக்குவாதத்தை ஏவும். ஏனைய விலங்குகளும் பூச்சிகளும் ஆளுக்கொரு நோய் படைக்க, மனிதர்பால் நட்புள்ள செடிகொடிகள் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மருந்தாக இசைகின்றன.

இனி முடக்குவாதத்துக்குரிய மந்திரம் ஒன்று. கிழக்கிலிருந்து சிவப்பு நாயும், வடக்கிலிருந்து நீல நாயும், மேற்கிலிருந்து கருநாயும், தெற்கிலிருந்து வெண்ணாயும் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் நோயின் ஒரு பகுதியைக் கவ்விச் செல்லுமாறு வேண்டப்படுகிறது. நாய் ஏன்? மந்திரம் சொல்வதில்லை. நோயை ஏவிய விலங்கின் ஆவியை அதன் இயற்கைப் பகைவனைக் கொண்டு துரத்துவது செரோக்கி மருத்துவத்தின் நெறி. ஏவியது மான் என்பதைக் கதை அறிந்தவரே அறிவர். கதை இல்லாமல் மந்திரம் விளங்காது. மந்திரம் இல்லாவிடின் கதையும் சிறுவர்க்கான விலங்குக் கதையாகச் சுருங்கிவிடும்.

மூனி இதை அறியாதவரல்லர். மந்திரங்களை வெளியிட்ட 1891ஆம் ஆண்டு நூலில் இக்கதையையும் தந்தே விளக்கம் தொடங்குகிறார். ஆனால் 1900ஆம் ஆண்டு நூலில் அது 'புராணக் கதைகள்' என்ற தலைப்பின்கீழ்ச் சென்றது. ஸ்விம்மரின் கையேடு முழுமையாக வெளிவர 1932 ஆயிற்று; மூனி இறந்தபின் பெல்ஜிய அறிஞர் பிரான்ஸ் ஓல்பிரெக்ட்ஸ் அதை நிறைவு செய்தார். கதைநூல் பலமுறை மறுபதிப்புக் கண்டு பரவியது; கையேடு வல்லுநர் சிலரின் படிப்புக்கு உரியதாக ஒதுங்கியது. ஒருவரின் அறிவு, நூலடைவு வசதிக்காக இரண்டாகப் பிளவுண்டது.

சாலியின் கதை

கதை ஆவணத்தோடு முரணும் இடமும் உண்டு. இடப்பெயர்வின்போது படைவீரரைத் தாக்கிவிட்டு மலைக்குள் மறைந்த சாலி என்னும் முதியவர், தாம் சரணடைந்தால் மறைந்துள்ள மற்றவர்கள் தாயகத்தில் தங்கலாம் என்ற உறுதியை ஏற்று, தாமே வந்து உயிர்கொடுத்தார் என்பது மூனி பதிவுசெய்த வரலாறு. சாலியின் இளைய மகனிடமும் அவர் இதைக் கேட்டார். படைத்துறை ஆவணங்களோ வேறு சொல்கின்றன: சாலியும் உடனிருந்தோரும் பிற செரோக்கியராலேயே தேடிப் பிடிக்கப்பட்டனர், 1838 நவம்பரில் சுட்டுக்கொன்றவர்களும் செரோக்கியரே, ஓக்கோனலஃப்டி செரோக்கியர் தங்கியதற்கு அடிப்படை, அவர்கள் முன்னரே செரோக்கி நாட்டு எல்லைக்கு வெளியே வட கரோலினாக் குடிமக்கள் எனக் கோரி வாழ்ந்தமை.

ஆவணமே உண்மை, கதை பிழை எனத் தீர்ப்பது எளிது. கதை எதை மறைக்கிறது என்பது அதைவிடக் கவனிக்கத்தக்கது. தம்மவரைத் தம்மவரே வேட்டையாட நேர்ந்த வடுவை அது மறைத்து, எஞ்சியோர் இம்மண்ணில் இருப்பதற்கு ஒரு தியாகத்தை அடிப்படையாக்குகிறது. 1950 முதல் வட கரோலினாவில் நிகழ்த்தப்பட்ட திறந்தவெளி நாடகம் இக்கதையை மேலும் உறுதிப்படுத்தியது.

எழுதப்படாத தொனி

மேற்குச் செரோக்கியரிடையே மந்திர ஏடுகள் தொடர்ந்து எழுதப்பட்டன. செரோக்கியைத் தாய்மொழியாகக் கொண்ட ஜேக் கில்பாட்ரிக், அன்னா கில்பாட்ரிக் இணையர் 1960களில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டனர். 1964இல் ஓக்லஹோமாக் கதைத் தொகுப்பையும் தந்தனர். அவர்கள் திரட்டிய ஏடுகள் இன்று ஏல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

இவ்வேடுகளை வாசிப்பதில் ஓர் இடர் உள்ளது. செக்வோயாவின் எழுத்து உயிரின் நெடுமையையோ தொனியின் ஏற்ற இறக்கத்தையோ காட்டுவதில்லை. செரோக்கியிலோ தொனி மாறினால் பொருளும் மாறக்கூடும். மொழியறிந்தவர்க்கு இது குறையன்று; சூழலைக் கொண்டு அவர் நிரப்பிக்கொள்வார். ஸ்விம்மரின் கையேடும் அத்தகையவர்க்காக எழுதப்பட்டதே. மந்திரத்தை முன்னமே கேட்டறிந்தவரின் நினைவுக்கு அது துணையே தவிர, அயலார்க்குக் கற்பிக்கும் நூலன்று. தொனியைக் குறித்துக்காட்டிய டர்பின் ஃபீலிங்கின் அகராதி 1975இல் வந்தது. செரோக்கி எழுத்துகள் 1999இல் யூனிகோடில் இடம்பெற்றன. கைப்பேசியிலும் இன்று அவற்றைத் தட்டெழுதலாம். எனினும் மொழியைச் சரளமாகப் பேசுவோருள் பெரும்பாலோர் முதியோர். செரோக்கி நாடு, கிழக்குச் செரோக்கியர், ஐக்கிய கிடுவாக் குழு ஆகிய மூன்று அரசுகளும் 2019 ஜூனில் ஒன்றுகூடி, தம் மொழி நெருக்கடி நிலையில் உள்ளதாக அறிவித்தன. ஃபீலிங் 2020இல் மறைந்தார்.