விதி எழுதியவரே விதி மீறினார்

1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியபோது விமானம் என்றால் வேவு பார்க்கத்தான். 1915-ல் ஃபோக்கர் வந்ததும் கதையே மாறிவிட்டது. சுழலும் புரொப்பெல்லரில் படாமல் அதன் ஊடே சுடும் துப்பாக்கி! அதை முதலில் ஓட்டிய ஜெர்மானியர்களில் ஒருவர் ஓஸ்வால்ட் போல்க்கே.

1916 ஜூனில் சக வீரர் இம்மெல்மான் பலியானதும், இவரையும் இழக்கப் பயந்த கெய்சர், பறக்கவே தடை போட்டார். அந்தச் சமயத்தில் உருவானவைதான் அவருடைய போர் விதிகள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், கிட்டே போய்ச் சுடு, ஒரே எதிரியை இரண்டு பேர் துரத்தாதே... கேட்க எளிமைதான், ஆனால் அதுவரை யாரும் இப்படி எழுதிக்கொடுத்ததில்லை.

தடை நீங்கியதும் ரிக்தோஃபென் உட்பட இளைஞர்களைத் தானே தேர்ந்தெடுத்து யாஸ்டா 2 படையை நடத்தினார். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் 21 விமானங்களை வீழ்த்தினார். மொத்தம் 40.

அக்டோபர் 28. ஒரு பிரிட்டிஷ் விமானத்தைப் போல்க்கேயும் நண்பர் எர்வின் போமேயும் சேர்ந்தே துரத்தினார்கள். ஆம், அதே விதி! போமேயின் சக்கரம் போல்க்கேயின் மேல் இறக்கையை உரசியது. அவ்வளவுதான். போல்க்கேக்கு வயது 25.

பிரிட்டிஷார் விமானத்திலிருந்து மலர்வளையம் போட்டுவிட்டுப் போனார்கள். உயிர்தப்பிய போமே, 1917 நவம்பர் வரை பறந்தார். அந்த மாதமே சுட்டு வீழ்த்தப்பட்டார்.